முதலில் கறுப்புத் திரை

ஜனவரி 9

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாரும் நலம். உன் அத்தானும் நலம். சாப்பாட்டு நேரம் தள்ளிப்போகாதவரை அவர் நலத்துக்கு என்ன குறை? நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை வழக்கம்போல பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரையே முறைத்துக்கொண்டிருக்கிறாயா?

ஒரு வெட்கக்கேட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் முதலாளியம்மாவிடம் எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று சொல்லிவிட்டேன். முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. தினமும் காலையில் அதைத் துணி போட்டுத் துடைப்பது நான்தான்.

எம்பிராய்டரி பட்டறையில் என் வேலை உனக்குத் தெரியும். ஒரு பஸ் நீளத்துக்கு மெஷின், வரிசையாக ஊசித் தலைகள். இந்தக் கோடியில் அறுந்த நூலைக் கோர்த்து முடிப்பதற்குள் அந்தக் கோடியில் அறுந்திருக்கும். நாள் முழுக்க நடைதான். டாக்டர் முழங்காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, "நின்னுக்கிட்டே செய்யிற வேலைய விட்டுடுங்கம்மா" என்றார். "மெஷினை வேணா உக்காரச் சொல்லிப் பாக்கட்டுமா டாக்டர்?" என்றேன். சிரிக்கவில்லை. ரொம்பப் படித்தவர் போலிருக்கிறது.

பட்டறையில் உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்றே ஒன்றுதான். டிசைன் அறை. கண்ணாடிக் கதவு, மின்விசிறி, சுற்றுகிற நாற்காலி. ஊசி எங்கே குத்த வேண்டும் என்பதெல்லாம் அந்தக் கம்ப்யூட்டருக்குள் ஃபைல் ஃபைலாக இருக்கிறது. வருகிறவர் வாத்து கேட்டால் வாத்தைத் தேடி எடுத்து மெஷினுக்கு அனுப்ப வேண்டும். அங்கே இருக்கிற டிசைன்காரப் பெண் பிள்ளை பெறப் போகிறாள், மே மாதத்திலிருந்து வரமாட்டாள். முதலாளியம்மா டீ நேரத்தில் வந்து, "யாருக்காச்சும் கம்ப்யூட்டர் தெரியுமா?" என்றார். பார்த்தால் என் கை மேலே நிற்கிறது.

"உனக்கா?"

"என் தம்பி கம்ப்யூட்டர் வாத்தியாருங்கம்மா. எங்க குடும்பத்துக்கே தெரியும்."

"சரி. ஏப்ரல் கடைசில பாப்பேன். தெரியலைன்னா வெளியிலேருந்து ஆள் எடுத்துடுவேன்."

அப்படி எடுத்துவிட்டால் இந்த முழங்காலோடு நான் வீட்டில்தான் உட்கார வேண்டும், உன் அத்தானுக்கு எதிரே. ஆகையால் எனக்குச் சொல்லிக்கொடு. போனில் கேட்கலாமே என்பாய். நாம் போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வருகிறது. கடுதாசியில் நீ குறுக்கே பேச முடியாது. சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால், உன் வகுப்பு எப்படிப் போகிறது, எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று எழுது. பட்டறை முழுக்கக் கேட்கிறார்கள்.

வாத்தியாருக்குப் பெரியவளாகப் பிறந்துவிட்ட,
அக்கா


ஜனவரி 22

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் நலம். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. அத்தானைக் கேட்டதாகச் சொல்.

மௌஸைத் தொடாதே. இதுதான் முதல் பாடம்.

ஃபோல்டர்களைப் படம் படமாகக் காட்டுகிற ஜன்னல் ஒன்று உண்டு. டிசைன்காரப் பெண் அதில்தான் வேலை செய்வார். புதிதாகப் படிக்கிறவர் அதில் தொடங்கக் கூடாது என்பது என் கருத்து. அங்கே ஒன்றைப் பிடித்து இழுத்துப் போட்டால் எங்கோ போய் விழும். எங்கே விழுந்தது என்று கைக்குத் தெரியாது. கறுப்புத் திரை என்று இன்னொன்று உண்டு, திறக்கும் முறையைத் தனித் தாளில் எழுதியிருக்கிறேன். அதில் எதைச் செய்தாலும் எழுதித்தான் செய்ய வேண்டும், எங்கிருந்து எங்கே என்பது உட்பட. உனக்குப் புரியாத ஒன்றை நீ எழுத மாட்டாய். முதலில் அது, பிறகு ஜன்னல். எல்லாரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

உன் விஷயத்தில் இன்னொரு காரணமும் இருக்கிறது. மௌஸை எப்படி நகர்த்துவது என்று கடிதத்தில் எழுதி அனுப்ப முடியாது. ஆணையை எழுதி அனுப்பலாம்.

மூன்று ஆணை. எல்லாம் சின்ன எழுத்தில். பி, டபிள்யூ, டி மூன்றையும் சேர்த்து அடித்தால், நீ எந்த ஃபோல்டருக்குள் இருக்கிறாய் என்று சொல்லும். எல், எஸ் அடித்தால் அங்கே என்னென்ன இருக்கிறது என்று சொல்லும். சி, டி அடித்து, ஒரு இடம் விட்டு, ஃபோல்டரின் பெயரை அடித்தால் அதற்குள் போவாய். பெயருக்குப் பதில் இரண்டு புள்ளி வைத்தால் வெளியே வருவாய். ஒவ்வொன்றுக்கும் பிறகு என்ட்டர். ஒரு மாதத்துக்கு இது போதும்.

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 6

அன்புத் தம்பிக்கு,

ஒத்தடம் கொடுத்தேன். வெந்நீர் ஆறிப்போனது, முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. நீ நலம் என்று ஒற்றைச் சொல்லில் எழுதினால் நான் நம்பிவிட வேண்டுமா?

மத்தியான இடைவேளையில் டிசைன்காரப் பெண் எனக்கு நாற்காலி தருகிறாள். அவள் அந்த நேரத்தில் தரையில் பாய் போட்டுக் காலை நீட்டிக்கொள்வாள். முதல் நாள் நான் கறுப்புத் திரையைத் திறந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "கரன்ட் போயிடுச்சாக்கா?"

எழுத்துகள் பிரச்சினையில்லை. ஏ பி சி டி எல்லாம் நூல்கண்டு அட்டைகளில் பார்த்துப் பார்த்துப் பழகியவைதான். ஆனால் பலகையில் அவற்றை இறைத்து வைத்திருக்கிறான் பார், எவனோ கோபத்தில் கொட்டியிருக்கிறான். உன் முதல் ஆணையை அடித்தேன். சாய்ந்த கோடு போட்டுப் போட்டு, வீடு, அதற்குள் அறை, அதற்குள் அலமாரி என்கிற மாதிரி நான் இருக்கிற இடத்தைச் சொன்னது. எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. தொலைந்து போகாமலே அடித்து அடித்துப் பார்க்கிறேன்.

ஆனால் இதன் குணம் சரியில்லை, தம்பி. சரியாகச் செய்தால் வாயே திறப்பதில்லை. தப்பாகச் செய்தால் உடனே ஒரு வரி. இருபத்தைந்து வருஷமாக இப்படி ஒருவரோடு குடித்தனம் செய்கிறேன், பட்டறையில் வேறு இன்னொன்றா? இடம் விடாமல் அடித்ததற்கு, அப்படி ஒரு ஆணையே இல்லை என்றது. எது ஆணை, எது இல்லை என்று தெரிந்திருந்தால் நான் ஏன் உன்னைக் கேட்கிறேன்?

டிசைன்காரப் பெண் கேட்கிறாள்: "கண்ணால பாத்துத் தொட்டா முடியிற வேலைக்கு இவ்வளவு எழுத்து எதுக்குக்கா? உங்க தம்பி பழைய காலத்து ஆளா?"

"பொறந்ததிலேருந்தே" என்றேன்.

ஆனால் அவள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. புதிதாக ஒரு வீட்டுக்கு வந்தவளை விளக்கை அணைத்துவிட்டா சுற்றிக் காட்டுவார்கள்? உன் வகுப்பிலும் முதல் நாளே இப்படித்தானா? ஒருவரும் எழுந்து ஓடவில்லையா? போன கடுதாசியில் கேட்டதற்கே நீ பதில் எழுதவில்லை.

அடுத்த ஆணைக்குக் காத்திருக்கும்,
அக்கா


பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள்.

சி, பி: நகல் எடுக்கும். எம், வி: ஒன்றை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகும், பெயரையும் மாற்றும். எழுதும் முறையைத் தனித் தாளில் எழுதியிருக்கிறேன். அழிப்பதற்கு ஒரு ஆணை இருக்கிறது. அதைச் சொல்ல மாட்டேன்.

விளக்கை அணைத்துவிட்டுச் சுற்றிக் காட்டுவது பற்றி நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். எங்கே திணறுகிறாய், எங்கே எரிச்சல் வருகிறது என்று ஒன்றுவிடாமல் எழுது. சின்ன விஷயமானாலும் விடாதே. எனக்கு வேண்டியிருக்கிறது.

மௌஸைத் தொடவில்லை என்று நம்புகிறேன்.

அன்புடன்,
தம்பி


மார்ச் 12

அன்புத் தம்பிக்கு,

தொட்டேன்.

நலம் விசாரிப்பெல்லாம் கடைசியில். நடந்ததைக் கேள். நேற்று பாண்டு வாத்தியக்காரர்களின் கோட்டுக்கு ரோஜா போட வேண்டும். டிசைன்காரப் பெண் பாத்ரூம் போயிருந்தாள். இப்போதெல்லாம் போனால் சீக்கிரம் வருவதில்லை, பாவம். ஒரு ரோஜாவை எடுக்க எனக்குத் தெரியாதா என்று ஜன்னலைத் திறந்தேன். பூக்கள் என்கிற ஃபோல்டரைப் பிடித்தேன். எண்ணெய்க் கை. வழுக்கியது. விட்டேன். ஃபோல்டர் போய்விட்டது. மௌஸைத் திருப்பிப் பின்பக்கம்கூடப் பார்த்தேன்.

அவள் வந்தாள். "அக்கா, பூவெல்லாம் எங்கக்கா?"

"இப்பத்தான் இங்க இருந்துச்சு."

அவள் அழ ஆரம்பித்தாள். பிள்ளைத்தாய்ச்சியை அழவைத்த பாவம் வேறு எனக்கு. மெஷின் நின்றது. எங்கள் பட்டறையில் சத்தம் இருந்தால் யாரும் எட்டிப்பார்ப்பதில்லை, சத்தம் நின்றால் முதலாளியம்மா மாடியிலிருந்து இறங்குவார். இறங்கினார். உனக்குப் போன் போட்டேன், அணைந்திருந்தது. உன் பயிற்சி மையத்துக்குப் போட்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

மௌஸைத் திரும்பத் தொடத் தைரியம் வரவில்லை. கறுப்புத் திரையைத் திறந்தேன். எழுத்துப் பலகை வழுக்காது அல்லவா? எங்கே இருக்கிறேன் என்று கேட்டேன். என்ன இருக்கிறது என்று கேட்டேன். ஒவ்வொரு ஃபோல்டராக உள்ளே போனேன், பார்த்தேன், இரண்டு புள்ளி வைத்து வெளியே வந்தேன். நங்கூரங்களுக்குள் இல்லை. பறவைகளுக்குள் இல்லை. என் முதுகுக்குப் பின்னால் முதலாளியம்மா மூச்சு விடுகிற சத்தம். விலங்குகளுக்குள் போய், அதற்குள் ஒட்டகத்துக்குள் போனால், அத்தனை பூவும் ஒட்டகத்தின் வயிற்றில். எம் வி அடித்து வெளியே இழுத்தேன். டிசைன்காரப் பெண் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஜன்னல்லயே தேடியிருந்தாலும் கெடச்சிருக்கும்க்கா" என்றாள். உண்மைதான். ஆனால் ஜன்னலில்தானே தொலைந்தது?

முதலாளியம்மா சொன்னது இவ்வளவுதான்: "இன்னொரு தடவை மெஷின் நின்னுச்சுன்னா, நாற்காலியும் இல்ல, நூலும் இல்ல."

இனி உன் விஷயம். மையத்தில் போனை எடுத்தது ஒரு பெண். "அவரா? அவர் இங்கேருந்து போயி ரெண்டு மாசம் ஆச்சே" என்றாள். நான் "ஓ, ஆமாமா" என்றேன். உடன்பிறந்த அக்காவுக்கு ஆமாமா என்று சொல்ல வேண்டிய நிலைமை. ரெண்டு மாசம் என்றால் நான் முதல் கடுதாசி போட்ட சமயம். அப்படியானால் நீ எனக்கு எந்த வகுப்பிலிருந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தாய்?

உன் முதல் ஆணையை நீயே ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டு, என்ன வருகிறது என்று எனக்கு எழுது.

அக்கா

நலமா?


மார்ச் 30

தம்பி,

இன்னும் பதில் வரவில்லை. போன் அணைந்தே கிடக்கிறது. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடக்கிறேன். தபால்காரர் இப்போதெல்லாம் தெருமுனையிலேயே என்னைப் பார்த்துக் கையை விரித்துவிடுகிறார். பட்டறையில் நடக்கும் நடை போதாதென்று இந்த நடை வேறு. உன் அத்தான், "உக்காரேன்" என்கிறார். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. உட்காருவதற்காகத்தான் இந்தக் கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு அழுகிறேன், அதில் உட்கார்ந்தாலும் காது வாசலில்.

டிசைன்காரப் பெண்ணை டாக்டர் படுத்தே இருக்கச் சொல்லிவிட்டார். போன வாரத்தோடு வேலையிலிருந்து நின்றுவிட்டாள். ஏப்ரல் கடைசிவரை பார் என்று முதலாளியம்மா என்னைத் தற்காலிகமாக அங்கே விட்டிருக்கிறார். பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நீ ஏதாவது தப்புச் செய்திருந்தாலும் பரவாயில்லை. செய்யாமல் இருந்திருந்தாலும் பரவாயில்லை. ஒரு வரி போடு. வரும் வாரத்துக்குள் வராவிட்டால் உன் அத்தானை அனுப்பிவைப்பேன். வந்தால் ஒரு மாதம் தங்குவார். யோசித்துக்கொள்.

அக்கா


ஏப்ரல் 5

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானை அனுப்ப வேண்டாம்.

நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்டாய். அதே அறையில்தான் இருக்கிறேன். பகலில் ஒரு மருந்துக் குடோனில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறேன். நின்றுகொண்டு செய்கிற வேலை. போனை உள்ளே விடமாட்டார்கள். வெளியே வந்த பிறகும் அதை உயிர்ப்பிக்க மனம் வரவில்லை.

மையத்தில் நான் முதல் மாதம் முழுக்கக் கறுப்புத் திரைதான் நடத்துவேன். நீ கேட்டது சரி, எழுந்து ஓடினார்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே பயந்து வருகிறார்கள். கடைசியில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் மட்டும் மிச்சம். நிர்வாகி என்னைக் கூப்பிட்டு, "சார், முதல்ல படத்தைக் காட்டுங்க. அப்புறம் உங்க இருட்டைக் காட்டுங்க" என்றார். அது தவறான முறை என்றேன். "அப்ப நீங்க சரியான முறையில வீட்டுலயே இருங்க" என்றார்.

அன்று மாலை அறைக்கு வந்தபோது கதவிடுக்கில் உன் முதல் கடிதம் கிடந்தது. என் தம்பி கம்ப்யூட்டர் வாத்தியார் என்று பட்டறையில் சொன்னதாக எழுதியிருந்தாய். உனக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை. பாடத்தை எழுதினேன். அக்கா, இந்த மூன்று மாதமும் எனக்கு இருந்த ஒரே மாணவி நீதான்.

நீ கேட்கிற ஒவ்வொரு கேள்வியையும் குடோனில் நின்றுகொண்டே யோசிக்கிறேன். இன்னும் முதலில் கறுப்புத் திரைதான் என்று நினைக்கிறேன். முன்போல உரக்கச் சொல்லத் தோன்றவில்லை.

நேரில் பார்க்கும்போது திட்டு. கடிதத்தில் வேண்டாம்.

தம்பி


ஏப்ரல் 14

அன்புத் தம்பிக்கு,

திட்டமாட்டேன். திட்டி ஒரு தாள் எழுதினேன், கிழித்துவிட்டேன். உன் அத்தான் பொறுக்கி ஒட்டவைத்துப் படித்துவிட்டு, "நல்லாத்தான் எழுதியிருக்க, ஏன் கிழிச்ச?" என்றார்.

ஒரே மாணவி என்று எழுதியிருந்தாய். அந்த ஒரே மாணவி தேறுவாளா என்று பார்க்காமல் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தால் எப்படி? இந்த மாதக் கடைசியில் எனக்குப் பரீட்சை. முதலாளியம்மா வெளியிலிருந்து ஒருவனை வரச்சொல்லியிருக்கிறார். சான்றிதழெல்லாம் வைத்திருக்கிறானாம். அவனையும் என்னையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாராம், கத்தரிக்காய் பார்ப்பதுபோல. அவன் வந்தால் நான் திரும்ப நூல் கோர்க்கப் போக வேண்டும், போக முழங்கால் இல்லை.

பயிற்சியின் முன்னேற்றம் சொல்கிறேன். ஒரு சிக்கலைக் கண்டுபிடித்தேன். கறுப்புத் திரை பெயரைத்தான் காட்டுகிறது. ஃபோல்டர்களுக்கு ஒழுங்காகப் பெயர் வைத்த டிசைன்காரப் பெண், உள்ளே ஃபைல்களுக்கு வைத்த பெயர்களைப் பார்: புதுசு. புதுசு இரண்டு. கடைசி. கடைசிக்கும் கடைசி. நிஜமாகவே கடைசி. இதில் வாத்து எது, கிளி எது? ஜன்னலைத் திறந்தால் அங்கேயும் எல்லாவற்றுக்கும் ஒரே ஊசிப் படம். உன் கட்சியும் தோற்றது, அவள் கட்சியும் தோற்றது. எல்லாம் அவள் தலைக்குள் இருந்திருக்கிறது, அந்தத் தலையோ படுத்துக்கொண்டிருக்கிறது.

அதனால் என்ன செய்தேன் தெரியுமா? ஜன்னலில் ஒவ்வொன்றையும் இரண்டு தட்டுத் தட்டித் திறந்து கண்ணால் பார்த்தேன். பிறகு கறுப்புத் திரைக்குப் போய் எம் வி அடித்துப் பெயரை மாற்றினேன். இங்கிலீஷ் எழுத்தில், நம் பேச்சில். பார்த்ததும் எனக்கு என்ன தோன்றுகிறதோ அதுதான் பெயர். ஒரு ரோஜா வாடிப்போய் நிற்கும், அது அழுமூஞ்சி. ஒரு குதிரைக்குப் பின்னங்கால் கோணல், அது என்முழங்கால். ஒரு சிங்கம் யாரையோ ஞாபகப்படுத்தியது, அதற்கு உன் அத்தான் பெயரை வைத்தேன். ஒரு கிளி கழுத்தை நீட்டி வாசலை எட்டிப்பார்க்கும், அது கடன்காரக்கிளி. பட்டறை முழுவதையும் மாற்றி முடித்துவிட்டேன். எம் வி எவ்வளவு அடித்திருப்பேன் என்றால், தூக்கத்தில் விரல் அசைகிறதாம்.

பெருமையாக இருக்கிறதா?

உன் ஒரே மாணவி,
அக்கா


ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

பெருமையாக இல்லை. பயமாக இருக்கிறது.

மாற்றுவதற்கு முன் நகல் எடுத்துவைத்தாயா? வாடிக்கையாளர் சீட்டுகளில் பழைய பெயர்கள்தானே எழுதியிருக்கும்? யாராவது 'புதுசு இரண்டு' கேட்டு வந்தால் என்ன செய்வாய்? பெயர் என்பது உனக்கு மட்டும் தெரிந்தால் போதாது, அடுத்து அங்கே உட்காருகிறவருக்கும் தெரிய வேண்டும். இதை நான்காவது பாடமாக வைத்திருந்தேன். அதற்குள் நீ முந்திக்கொண்டாய். உடனே முதலாளியம்மாவிடம் சொல்லிவிடு.

இன்னொன்று. நேற்று மையத்துக்குப் போனேன். நிர்வாகிக்கு உன் பிப்ரவரிக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன், மன்னித்துக்கொள். விளக்கை அணைத்துவிட்டுச் சுற்றிக் காட்டுவது பற்றிய இடத்தில் அவர் சிரித்தார். இருபத்தைந்து வருடக் குடித்தனம் வந்த இடத்தில் அவருடைய மனைவி உள்ளேயிருந்து எட்டிப்பார்த்தார். பேசினோம். முதல் மணி நேரம் ஜன்னல், அடுத்த மணி நேரம் கறுப்புத் திரை, முதல் நாளிலிருந்தே இரண்டும் என்று முடிவு. இரண்டு பேரும் இறங்கிவந்தோம். நான் கொஞ்சம் கூடுதலாக இறங்கினேன். மே முதல் வாரத்தில் சேரச் சொல்லியிருக்கிறார். கண்டக்டர் திரும்ப வருகிறாராம்.

ஆனால் ஜன்னலில் பார்த்துத் திரையில் எழுது என்று நான் உனக்குச் சொல்லித்தரவே இல்லை. அதை எங்கிருந்து பிடித்தாய் என்று எழுது. பெயர் விஷயத்தை முதலாளியம்மாவிடம் சொல்ல மறக்காதே.

அன்புடன்,
தம்பி


மே 11

அன்புத் தம்பிக்கு,

நீ மறுபடி வகுப்பில் நிற்கிறாய் என்று நினைத்தாலே காலுக்குத் தெம்பு வருகிறது. கண்டக்டரைக் கேட்டதாகச் சொல். உன் அத்தான் நலம். சிங்கத்தின் பெயர் விஷயம் அவருக்குத் தெரிந்துவிட்டது. தினமும் கண்ணாடியில் பிடரியைப் பார்க்கிறார்.

பெயர் விஷயத்தை முதலாளியம்மாவிடம் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தபோது பரீட்சை வந்துவிட்டது. அந்தப் பையன் வந்தான். நல்ல பையன், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. முதலாளியம்மா ஒரு சீட்டைக் கொடுத்தார். பள்ளிக்கூடச் சட்டைப் பைக்குப் போட வேண்டிய தீப்பந்தம். சீட்டில் 'கடைசிக்கும் கடைசி' என்று எழுதியிருந்தது.

பையன் ஜன்னலைத் திறந்தான். பார்த்தான். கீழே போனான், மேலே வந்தான்.

"மேடம், இதுல அழுமூஞ்சின்னு இருக்கு."

"அழுமூஞ்சியா?"

"என்முழங்கால்னு ஒண்ணு இருக்கு. தலைவிரிகோலம்னு ஒண்ணு இருக்கு. கடைசிக்கும் கடைசின்னும் இல்ல, தீப்பந்தம்னும் இல்ல மேடம்."

முதலாளியம்மா மெதுவாக என் பக்கம் திரும்பினார். நான் கூரையைப் பார்த்தேன். பையனை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். தலைவிரிகோலத்தை எடுத்து மெஷினுக்கு அனுப்பினேன். அதுதான் தீப்பந்தம், மேலே ஜுவாலை அப்படித்தான் இருக்கும். மெஷின் ஓட ஆரம்பித்தது. அவனுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை, தம்பி. அவன் படித்ததில் என் வாய் இல்லை, அவ்வளவுதான். எனக்கே அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. டீ வாங்கிக் கொடுத்தேன்.

முதலாளியம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கண்ணாடிக் கதவைத் திறந்து, "என் மொத்தப் பட்டறையையும் உன் வாய்க்குள்ள போட்டு வச்சிருக்க. உன்னை எப்படி அனுப்புறது? அங்கயே உக்காந்து தொலை" என்றார். வேலை உறுதி. ஆனால் ஆறு மாதத்துக்குள் எல்லாப் பெயரையும் மனிதர்களுக்குப் புரிகிற மாதிரி மாற்ற வேண்டும் என்று உத்தரவு. மாற்றுகிறேன். சிங்கத்தை மட்டும் விட்டுவைப்பேன்.

ஜன்னலில் பார்த்துத் திரையில் எழுதுவதை எங்கே பிடித்தாய் என்று கேட்டிருந்தாய். எங்கேயும் பிடிக்கவில்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, இரண்டையும் எடுத்துக்கொண்டேன். சண்டை உங்களுக்குள்தானே, எனக்கு என்ன?

உட்கார்ந்திருக்கிறேன் என்றாலும் கால் சும்மா இருப்பதில்லை. நாற்காலியில் அரைச் சுற்று இந்தப் பக்கம், அரைச் சுற்று அந்தப் பக்கம். டிசைன்காரப் பெண்ணுக்குப் பெண் குழந்தை. இரண்டு பேரும் நலம். குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. என்னைக் கேட்கக் கூடாது என்று அவள் மாமியார் சொல்லிவிட்டாராம்.

நேற்று ஒரு தங்கும் விடுதியின் தலையணை உறைகளுக்கு நிலா போட வேண்டியிருந்தது. அதற்கு முன்னால் ஒரு பல் மருத்துவமனையின் சட்டைகள் ஓடியிருந்தன. நிலாவை நகல் எடுத்தேன். அதை மெஷினுக்கு அனுப்ப மறந்து சாப்பிடப் போய்விட்டேன். மெஷினில் இன்னும் முந்தைய டிசைன்தான் இருக்கிறது என்று தெரியாமல் நூல் கோர்க்கிற பெண்கள் உறைகளை மாட்டி ஓட்டிவிட்டார்கள். திரும்பி வந்தபோது எல்லா உறையும் தைத்து முடிந்திருந்தது, ஒவ்வொன்றிலும் வேரோடு ஒரு கடைவாய்ப் பல். விடுதிக்காரர் மாலையில் வந்தார். ஓர் உறையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். நூல் நல்ல கெட்டியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

அக்கா